பெந்தெகொஸ்தே ஞாயிறில் என் இங்கிலீஸ்

"சிவப்புச் சேலை இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று ஈமெயிலின் கடைசி வரியில் எழுதியிருந்தது. அதை நான் இங்கிலாந்தில் மிச்சம் என்ற எங்கள் ஊரில், பஸ் தரிப்பில் நின்றபோது வாசித்தேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. ஒருமுறை வாசித்ததில் வந்த கோபம் போதாதென்று இரண்டாம் தரமும் வாசித்தேன்.

எழுதியவர் எங்கள் சேர்ச்சின் குருவானவர் ரெவரண்ட் ஃபிலிப்பா. "அன்புள்ள சேண்டி" என்று தொடங்கியிருந்தார். என் பெயர் குணசுந்தரி. பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, நான் இந்தச் சேர்ச்சுக்கு வந்த முதல் ஞாயிறு, கோப்பி மேசையில் நின்ற மார்கரெட் என் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் முயற்சிக்காமல் "சேண்டி என்று கூப்பிடலாமா" என்று கேட்டார். அன்றைக்கு நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு ஆட்டின அந்தத் தலையைத்தான் இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

விஷயம் இதுதான். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குப் பிஷப் வருகிறார். சீஷர்கள் பல மொழிகளில் பேச, பல தேசத்துச் சனங்கள் கூடிநின்று அவரவர் மொழியில் கேட்ட நாள் அது. அதனால் எங்கள் சபையில் உள்ள ஐந்து மொழிக்காரர் முன்னால் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில், இரண்டு நிமிடம், தங்கள் தங்கள் மொழியில் வாசிக்கவேண்டும். பிஷப்புக்கு எங்கள் பன்முகத்தன்மை தெரியவேண்டும். தமிழுக்கு நான்.

கேட்பவர்களுக்கு இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அதற்கு இரண்டரை வருடம் பின்னால் போகவேண்டும்.

அங்கிலிக்கன் சேர்ச் ஒன்றை நடத்துவது கடவுள் அல்ல, ரோட்டா. மண்டபத்துச் சுவரில் குத்தியிருக்கும் அந்த முறைப்பட்டியல் தாளில் யார் வேதபாடம் வாசிப்பது, யார் ஜெபம் சொல்வது, யார் திருவிருந்துக் கிண்ணம் பிடிப்பது, யார் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பது, யார் பூ வைப்பது, யார் கோப்பி போடுவது என்று எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தாள். ஒருவருக்கும் சம்பளமில்லை. சம்பளமில்லாத வேலைக்கு மனிதர் எவ்வளவு அடிபடுவார்கள் என்று பார்க்க ஆசையானால் அந்தத் தாளுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

நான் முதலிலிருந்தே கோப்பியில் இருந்தேன். பிறகு துணியும் என்னிடம் வந்தது. திருவிருந்துக் கிண்ணத்தைத் துடைக்கிற வெள்ளைத் துணிகளைத் தோய்த்து, அழுத்தி, மூன்றாக மடித்துக் கொடுக்கிற வேலை. முதல் அலசின தண்ணீரைக் குழாயில் ஊற்றக்கூடாது, மண்ணில்தான் ஊற்றவேண்டும். எங்கள் வீட்டு ரோஜாச் செடிக்கு ஊற்றுகிறேன், அது நன்றாகப் பூக்கிறது. சபையில் யார் எந்த நிறத்தில் உதட்டுச் சாயம் பூசுகிறார் என்பதும் எனக்கு மட்டும் தெரியும்.

ஆனால் எனக்கு ஆசை வாசிப்பில். சின்ன வயதிலிருந்து அந்த ஆசை. கேட்டுக் கேட்டு, ஒருவழியாக வாசிப்போர் கட்டத்தில் என் பெயரைப் போட்டார்கள். மூன்று மாதத்தில் மூன்று ஞாயிறு வாசித்தேன். நான் வேலை செய்வது ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற பகுதியின் வரவேற்பு மேசையில். பெயர் காட்டுகிற திரை அங்கே பாதி நாள் வேலை செய்யாது. ஒரு நாளைக்கு நூறு பெயர் கூப்பிடுகிறேன். போலந்துப் பெயர், சோமாலியப் பெயர், எங்கள் பெயர், எல்லாம். கூப்பிட்ட ஆள் எழும்பி வராமல் போனதில்லை. அந்தக் குரலில்தான் சேர்ச்சிலும் வாசித்தேன்.

நான்காவது மாதம் புது ரோட்டா வந்தது. வாசிப்பில் என் பெயர் இல்லை. "உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று நினைத்தோம்" என்றார் மார்கரெட். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் நம்பினேன். நோகாமல் வெட்டுவதில் இங்கிலீஸ்காரரை வெல்ல ஆள் இல்லை, வெட்டுப்பட்டது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தெரியும்.

எனக்கு ஒரு கிழமை கழித்துத் தெரிந்தது. மார்கரெட் கோப்பி ரோட்டாவை எனக்கு அனுப்பினார். அனுப்பிய ஈமெயிலுக்குக் கீழே பழைய கடிதங்களும் வால் வாலாகத் தொங்கிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு கீழே போனேன். மார்கரெட் ஃபிலிப்பாவுக்கு எழுதியிருந்தார்: "சேண்டி வாசிக்கும்போது பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்று ஜெஃப்ரி சொல்கிறார். உச்சரிப்புத்தான் காரணம். மனம் நோகாமல் வேறு ஏதாவது கொடுக்கலாமா? கோப்பியில் இன்னும் சில ஞாயிறு?" அதற்கு ஃபிலிப்பாவின் பதில் ஒரே வரி. "நல்ல யோசனை. அவருக்குக் கோப்பி பிடிக்கும்."

எனக்குக் கோப்பி பிடிக்காது. நான் தேத்தண்ணி குடிக்கிறவள்.

ஜெஃப்ரி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடமாக எங்கள் சேர்ச்சில் வாசிக்கிறவர். அவர் இருப்பது முதல் வரிசையில். பின்வரிசையில் இருப்பது நானும், எனக்குப் பக்கத்தில் நைஜீரியாக்காரி போலாவும், இரண்டு வயதானவர்களும். எங்களுக்கு என்ன விளங்குகிறது என்று முதல் வரிசைக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டரை வருடம் அந்த ஈமெயிலைப்பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் வெட்கம். ஒவ்வொரு ஞாயிறும் ஜெஃப்ரியின் கோப்பையை எடுத்துக் கழுவினேன். இந்த வருடம் என் பெயரை வாசிப்பில் போடுங்கள் என்று இரண்டு தரம் ஃபிலிப்பாவைக் கேட்டேன். "பார்ப்போம்" என்றார். பார்த்துப் பார்த்துக் கடைசியில் வந்ததுதான் இந்தச் சிவப்புச் சேலை.

வீட்டுக்கு வந்து ஈமெயிலை என் மனுசன் ஜீவரத்தினத்திடம் காட்டினேன். அவர் பஸ் டிப்போவில் வேலை செய்கிறவர். எந்தப் பிரச்சினையையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறவர்.

"நல்ல விஷயம்தானே. பிஷப்புக்கு முன்னால தமிழ் வாசிக்கப்போறீர்" என்றார்.

"நான் தமிழ் வாசிக்கேல்லை."

"ஏன், தமிழ் வாசிக்க வெக்கமோ?"

"எனக்கென்ன வெக்கம்? ஆரும் கேக்கிறதெண்டா விடிய விடிய வாசிப்பன். உவை கேக்கப்போறேல்லை, பாக்கப்போகினம். என்ர தமிழ் உவைக்குச் சத்தம். என்ர இங்கிலீஸ் உவைக்கு விளங்காது. அப்ப நான் எதில கதைக்கிறது?"

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தார். அது வெங்காயத்துக்கு.

"மாசத்தில ஒருக்கா தமிழ் ஆராதனை நடக்குதுதானே. அங்க போய் வாசியுமன், ஆர் வேண்டாமெண்டது?"

"நான் கோப்பை கழுவுறது இந்தச் சேர்ச்சில. வாசிக்கிறதெண்டாலும் இந்தச் சேர்ச்சிலதான்."

"உம்மோட கதைக்க ஏலாது" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒத்திகை. அதுவரை நான் ஒன்றும் முடிவெடுக்கவில்லை. போய் நின்று ஏதாவது சாட்டுச் சொல்லி விலகிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஃபிலிப்பா வழக்கம்போல ஓடியாடித் திரிந்தார். கெட்ட மனுசி அல்ல. என் மனுசன் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாளும் வந்தவர். அதனால்தான் அவர்மேல் வருகிற கோபத்துக்கு வேறு கோபங்களைவிட எரிவு கூட.

எங்களை வரிசையாக நிற்கவைத்தார். போலா யொரூபாவுக்கு, மதேராத் தீவிலிருந்து வந்த லூசியா போர்த்துக்கீசுக்கு, பிறகு பிரெஞ்சுக்கு ஒருவர், கானாவின் துவி மொழிக்கு ஒருவர், நான். எங்களுக்கு முன்னால் ஒரு மைக். ஜெஃப்ரி பக்கத்தில் உள்ள வாசிப்பு மேடையில். ஜெஃப்ரி முதல் பாதியை இங்கிலீசில் வாசிப்பார், பலமொழி பேசிய இடம் வந்ததும் நிறுத்துவார். நாங்கள் ஐந்துபேரும் ஒன்றாகத் தொடங்கவேண்டும். இரண்டு நிமிடத்தில் ஃபிலிப்பா கையை உயர்த்துவார். நாங்கள் நிறுத்த, மிச்சத்தை ஜெஃப்ரி வாசித்து முடிப்பார்.

"இந்தப் பகுதியை எங்கேயிருந்து எங்கே வரைக்கும் வாசிக்கவேண்டும்?" என்று கேட்டேன். தாளும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன்.

"அதைப்பற்றி யோசிக்காதீர்கள், சேண்டி. எதை வாசித்தாலும் பரவாயில்லை. ஒருவருக்கும் விளங்கப்போவதில்லை, அந்த அழகான சத்தம்தான் வேண்டும். நீங்கள் கடைச் சாமான் பட்டியலைக்கூட வாசிக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

மற்றவர்களும் சிரித்தார்கள். போலா சிரிக்கவில்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பத்துத் தலைமுறை முழங்காலில் நின்று ஜெபித்த மொழி. அதில் நான் பருப்பு, மிளகாய்த்தூள், பால்மா என்று வாசித்தாலும் பிஷப்புக்குப் போதுமாம்.

அதே நேரத்தில் ஜெஃப்ரி தன் பகுதியை வாசித்துப் பார்த்தார். வாசிப்பின் பின்பாதியில் அன்றைக்குக் கூடிய சனங்களின் ஊர்ப் பெயர்கள் வரும். வாசிக்கிறவர்களுக்கு வருடத்தில் ஒருமுறை வருகிற சோதனை அது. மெசொப்பொத்தாமியா வரை ஒழுங்காகப் போனார். கப்பதோக்கியாவில் மூச்செடுத்தார். பிரிகியாவும் பம்பிலியாவும் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, இரண்டையும் ஒன்றாக்கி விழுங்கிவிட்டு லிபியாவுக்குப் பாய்ந்தார். முப்பது வருடமும் இப்படித்தான். இதற்கு ஒருவரும் ஈமெயில் எழுதியதில்லை.

எனக்கு அந்தப் பெயர்கள் எட்டு வயதில் பாடம். ஞாயிறு பள்ளியில் அவற்றை ஒரே மூச்சில் சொன்னால் ஒரு படம் கிடைக்கும். என்னிடம் நான்கு படம் இருந்தது.

முடிவு அங்கேதான் எடுத்தேன், பிரிகியாவுக்கும் லிபியாவுக்கும் நடுவில். ஜெஃப்ரிக்கு விட்டுவைத்த அந்தப் பின்பாதியை நான் வாசிக்கப்போகிறேன். இங்கிலீசில். பிஷப்புக்கு முன்னால். பின்வரிசைக்கு விளங்குகிறதா இல்லையா என்று பார்த்துவிடுவோம்.

வீடு திரும்பும்போது போலாவும் நானும் ஒரே டிராமில் வந்தோம். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளையும் மாட்டிவிட்டதாகிவிடும். அவளும் கிண்ணம் பிடிக்கிற ரோட்டாவில் சேரக் கேட்டு ஒரு வருடமாகக் காத்திருக்கிறாள். இறங்கும்போது, "கடைச் சாமான் பட்டியல்" என்று மட்டும் சொல்லித் தலையை ஆட்டினாள்.

அன்று பின்னேரம் குசினியில் பதினான்கு தரம் வாசித்துப் பார்த்தேன். ஊர்ப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். பிரிகியாவை இங்கிலீஸ்காரர் எப்படிச் சொல்வார்கள் என்று தர்மிகாவைப் போனில் கேட்கலாமா என்று யோசித்தேன். மகள் கேம்பிரிட்ஜில் இருக்கிறாள், கேட்டால் சொல்லுவாள். பிறகு வேண்டாமென்று விட்டேன். பிரிகியாக்காரர் எவரும் எங்கள் சேர்ச்சுக்கு வருவதில்லை, பிழை பிடிக்க ஆள் இல்லை.

"அப்ப உண்மையாத்தான் செய்யப்போறீர்" என்றார் ஜீவரத்தினம்.

"ஓம்."

"பிறகு உம்மை அங்க ஒண்டுக்கும் விடமாட்டினம். துணியும் போயிடும். யோசிச்சனீரோ?"

யோசித்திருந்தேன். துணியை வாங்கிக்கொண்டால் என்ன செய்வேன் என்று நினைக்க அழுகை வந்தது. அந்தத் துணிகளை நான் மற்றவர்களுக்காகத் தோய்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவற்றை அழுத்தும்போதுதான் எனக்கு ஜெபமே வரும். ஆனால் இனி வாயை மூடிக்கொண்டு அழுத்தினால் ஜெபமும் வராது என்று தெரிந்தது.

"போனாப் போகட்டும்" என்றேன். "நீங்கள் பின்வரிசையில இருங்கோ. கேக்குதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

ஞாயிறு காலை சிவப்புச் சேலையை எடுத்து, விரித்து, திரும்ப மடித்து வைத்தேன். வேலைக்குப் போடுகிற கருநீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டேன். சேர்ச் முழுக்கச் சிவப்பு. சிவப்புப் பூ, சிவப்புப் பலூன், சிவப்புக் கழுத்துப்பட்டி. போலா தலையில் பெரிய சிவப்புத் துணி கட்டி இராணி மாதிரி வந்திருந்தாள். ஃபிலிப்பா என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் விழுந்தது.

"சேலை இல்லையா, சேண்டி?"

"இல்லை" என்றேன். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் இல்லையென்று சொல்வது எவ்வளவு சுகம் என்று ஐம்பத்தாறு வயதில் கண்டுபிடித்தேன்.

பிஷப் உயரமான மனுசன், உயரமான தொப்பி. முதல் பாட்டு, மன்னிப்பு ஜெபம், பிறகு வாசிப்பு. நாங்கள் ஐந்துபேரும் போய் நின்றோம். என் கையில் ஆராதனைத் தாள், அதன் ஓரத்தில் தமிழ் எழுத்தில் ஊர்ப் பெயர்கள். ஜெஃப்ரி தொடங்கினார். நல்ல குரல்தான், பொய் சொல்லக்கூடாது. தன் பாதியை முடித்து நிறுத்தினார். ஃபிலிப்பா எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஐந்துபேரும் தொடங்கினோம்.

நான் இங்கிலீசில் தொடங்கினேன். முதல் வசனம் எனக்கே கேட்கவில்லை. ஒரு பக்கம் போர்த்துக்கீஸ், மறுபக்கம் யொரூபா, அதற்கப்பால் பிரெஞ்சு, துவி. சனங்கள் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். நான் இதை யோசிக்கவே இல்லை. இரண்டு நிமிடமும் இப்படியே போய்விடும், ஃபிலிப்பா கை தூக்குவார், நான் இங்கிலீசில் வாசித்ததே ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். இரண்டரை வருடத்து ஆத்திரம் நாலு மொழிக்குள் மூழ்கிச் செத்துவிடும் என்று நினைத்தேன்.

அப்போது போலா நிறுத்தினாள்.

எனக்குப் பக்கத்தில் நின்றதால் அவளுக்குக் கேட்டிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் தாளைப் பார்த்தாள். பிறகு தன் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளி எனக்கு இடம் விட்டாள். அவள் நிறுத்தியதைக் கண்டு ஏதோ சைகை வந்துவிட்டது என்று நினைத்து லூசியா நிறுத்தினாள். பிரெஞ்சு இழுபட்டு நின்றது. துவிக்காரர் கடைசிவரை போய்ப் பார்த்து, தன் குரல் மட்டும் கேட்கிறதே என்று பயந்து நிறுத்தினார்.

அவர் குரல் மட்டும் அல்ல. என் குரலும் கேட்டது.

கிளினிக் குரலை எடுத்தேன். அறுபது பேர் இருமிக்கொண்டு, பிள்ளை அழ, கதவு அடிபட இருக்கிற மண்டபத்தின் கடைசிக் கதிரைக்குப் போகிற குரல். கத்துவதில்லை, ஒவ்வொரு சொல்லையும் அதன் இடத்தில் வைப்பது. ஃபிலிப்பாவின் கை பாதி உயர்ந்து அந்தரத்தில் நின்றது. எதை நிறுத்தச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். வேதபாடம் வாசிக்கிறவளைப் பிஷப்புக்கு முன்னால் நிறுத்து என்று எப்படிச் சொல்வது? ஜெஃப்ரி தன் தாளில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் வாசிப்பது அவருடைய பாதி என்று விளங்கிவிட்டது.

ஊர்ப் பெயர்கள் வந்தன. நான் தாளைப் பார்க்கவில்லை. மெசொப்பொத்தாமியா, யூதேயா, கப்பதோக்கியா. ஒவ்வொரு ஊரையும், அந்த ஊர்க்காரன் கடைசிக் கதிரையில் இரத்தம் கொடுக்கக் காத்திருக்கிறான், எழும்பி வரவேண்டும் என்ற மாதிரிக் கூப்பிட்டேன். பிரிகியா. நிறுத்தினேன். பம்பிலியா. தூர தேசத்திலிருந்து வந்து குடியேறின சனம், மொழி வேறான சனம், வந்த இடத்தில் நின்று கேட்ட சனம், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் இங்கிலீசில் யாழ்ப்பாணம் இருந்தது. இருக்கட்டும். ஜெஃப்ரியின் இங்கிலீசில் அவர் பிறந்த ஊர் இல்லையா?

வாசித்து முடித்தேன். இனி ஃபிலிப்பா ஏதாவது சொல்லிச் சிரித்து, இதை ஒரு சின்னத் தவறாக்கி, ஜெஃப்ரியைத் திரும்ப வாசிக்கச் சொல்லலாம். அப்படிச் செய்தால் நான் வாசித்தது வாசிப்பே இல்லை என்றாகிவிடும். அவர் வாயைத் திறப்பதும் எனக்குத் தெரிந்தது.

வாசிக்கிறவர் கடைசியில் சொல்லவேண்டிய வசனம் ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் வாசிப்பு முடிந்தது. இன்றைக்கு அது ஜெஃப்ரி சொல்லவேண்டியது. நான் நிமிர்ந்து, நேராகப் பின்வரிசையைப் பார்த்து, சொன்னேன்.

"இது ஆண்டவருடைய வார்த்தை."

"கடவுளுக்கு நன்றி" என்றது சபை.

எல்லாரும் சொன்னார்கள். சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது. பிறந்ததிலிருந்து அந்த வசனத்துக்கு அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் தானாகத் திறக்கும், யார் சொன்னார்கள் என்று மூளை கேட்பதற்கு முன். முதலில் வந்தது பிஷப்பின் குரல். மார்கரெட் சொன்னார், உதடு அசைந்ததைக் கண்டேன். ஜெஃப்ரி வாசிப்பு மேடையில் நின்றபடியே சொன்னார். ஃபிலிப்பாவின் திறந்த வாயிலிருந்தும் அதுதான் வந்தது. பின்வரிசையில் என் மனுசன் எல்லாருக்கும் பிந்தி, தனியாக, பலமாகச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் என் இடத்துக்குப் போய் இருந்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில் பிஷப் என் கையைப் பிடித்து, "தெளிவான வாசிப்பு" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் திட்டப்படி நடந்தது என்று நினைத்திருப்பார்.

ஃபிலிப்பாவுக்குத் தெரியும். மண்டபத்துக் கதவடியில் என்னை மறித்தார். "சேண்டி, நாங்கள் இதைப்பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்."

"பேசுவோம். எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது இரண்டரை வருடத்துக்கு முன்பு மார்கரெட்டுக்கு எழுதிய ஈமெயிலையும் கொண்டுவாருங்கள். எனக்குக் கோப்பி பிடிக்கும் என்று எழுதினீர்களே, அது. உங்களிடம் இல்லாவிட்டால் என்னிடம் இருக்கிறது."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் அவர் கழுத்தில் இருந்த பட்டியின் நிறத்துக்கு வந்தது. "நான் அப்படி எழுதினேனா?" என்றார். நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தார். அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. நான் ஒரு நாளும் மறக்காத ஒரு வரி, அவருக்கு ஞாபகமே இல்லை.

"என் பெயர் குணசுந்தரி" என்றேன். "அதையும் அன்றைக்குப் பேசுவோம்."

ஜெஃப்ரி தானே வந்தார். கோபத்தில் காது மடல் சிவந்திருந்தது. "என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீங்களும் என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றேன். அவர் தன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கோப்பி மேசையில் அன்றைக்கும் என் முறைதான். கோப்பை துடைக்கிற துணியை எடுத்துத் தோளில் போட்டேனே தவிர, மேசைக்குப் போகாமல் சுவருக்குப் போனேன். அங்கே அடுத்த மூன்று மாத ரோட்டா குத்தியிருந்தது. வாசிப்போர் வரிசையில் ஜூலை முதல் ஞாயிறுக்கு நேரே ஜெஃப்ரியின் பெயர் இருந்தது. கைப்பையிலிருந்து கிளினிக் பேனாவை எடுத்து அதை வெட்டினேன். மேலே என் பெயரை முழுதாக எழுதினேன், குணசுந்தரி ஜீவரத்தினம். இங்கிலீஸ் எழுத்தில் அது நீளமான பெயர். கட்டத்துக்குள் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் எழுதினேன்.

போலா பின்னால் வந்து நின்று பார்த்தாள். கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன். அவள் கிண்ணம் பிடிப்போர் வரிசைக்குப் போனாள்.

மார்கரெட் தட்டத்தோடு ஓடி வந்தார். "சேண்டி, அது ஜெஃப்ரியின் ஞாயிறு."

"தெரியும். அவருக்கு வேறு கட்டம் கொடுத்திருக்கிறேன்."

மார்கரெட் தாளுக்குக் கிட்டக் குனிந்து தேடினார். கீழே, கோப்பி வரிசையில், என் பெயரை வெட்டிய இடங்களில் எல்லாம் ஜெஃப்ரியின் பெயரை எழுதியிருந்தேன்.

"ஆனால் ஜெஃப்ரி ஒருநாளும் கோப்பி போட்டதில்லையே" என்றார்.

"பரவாயில்லை" என்று என் தோளில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்து அவர் தட்டத்தில் வைத்தேன். "அவருக்குக் கோப்பி பிடிக்கும்."